கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு பென் டிரைவ்

கேள்வி: என்னிடம் இருப்பது நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 மேசைக் கணினி. 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். வின்டோஸ் 10 முடிந்துவிட்டது, இதில் வின்டோஸ் 11 ஏறாது, புதியது வாங்குங்கள் என்று பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் சொன்னார்கள். லினக்ஸ் போட்டால் இன்னும் ஐந்து வருடம் ஓடும் என்கிறான் பல்கலைக்கழகத்தில் படிக்கும் அக்கா மகன். யார் சொல்வதைக் கேட்பது?
- வெள்ளவத்தை வாசகி

பதில்: இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கடைக்காரருக்கு விற்க ஒரு கணினி இருக்கிறது, உங்கள் அக்கா மகனுக்குப் பரப்ப ஒரு கொள்கை இருக்கிறது. இரண்டையும் கொஞ்சம் கழித்துத்தான் கேட்க வேண்டும்.

மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 அன்று வின்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை நிறுத்தியது. வீட்டுப் பாவனையாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு மேம்படுத்தல்கள் கிடைக்கும் என்ற ஏற்பாடும் உண்டு. கடைகளில் இதை யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. வின்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசெசரையும். உங்களுடையது அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் கணினி பழுதாகிவிட்டது என்று ஆகாது. நேற்று வரை வேலை செய்தது இன்றும் அப்படியே வேலை செய்யும். அந்தப் பதிவைச் செய்யாவிட்டால், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கத்தான் ஆள் இல்லை.

பணம் செலவழிப்பதானால் முதலில், ஹார்ட் டிஸ்க்கின் இடத்தில் மாட்டும் வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டிக்குச் செலவழியுங்கள். சாதாரண 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 240 அல்லது 256 ஜிபி போதும். இதைப் புதிதாகவே வாங்குங்கள், வாரன்டியோடு. கணினி எழும்புவதற்குள் தேநீர் ஊற்றிக் குடித்துவிட்டு வரலாம் என்ற நிலைக்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்தான். அடுத்தது ரேம். நான்காம் தலைமுறை மேசைக் கணினிக்கு வேண்டியது டிடிஆர்3. டிடிஆர்4 அந்தத் துளையில் ஏறவே ஏறாது. டிடிஆர்3 இப்போது பெரும்பாலும் பாவித்ததாகத்தான் கிடைக்கும். ரேமைப் பொறுத்தவரை பாவித்தது பரவாயில்லை. வீடு மரைன் டிரைவ் பக்கமாக இருந்தால் பழைய ரேமைக் கழற்றும்போது அதன் பொன்னிறப் பற்களைப் பாருங்கள்: உப்புக் காற்றில் மங்கிப் போயிருந்தால் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். திரை எழும்பவில்லை என்று கடைக்குப் போகும் சில கணினிகளுக்கு அந்த வைத்தியமே போதும்.

இனி லினக்ஸ். வின்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம் அது. அதன் பல வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்டின் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. குறைந்தது 2 ஜிபி, வசதியாக ஓட 4 ஜிபி ரேம் வேண்டும் என்பது அதை உருவாக்குபவர்களின் கணக்கு. ரேமைக் கூட்டாவிட்டால் அதன் எக்ஸ்எப்சிஇ என்ற இலகுவான பதிப்பை எடுங்கள். மின்டை 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் அல்லது பலேனா எச்சர் என்ற மென்பொருள் மூலம் எழுதி, அதிலிருந்தே கணினியை எழுப்பலாம். ஹார்ட் டிஸ்க்கில் உள்ள எதையும் அது தொடாது. 'இன்ஸ்டோல்' என்ற படத்தை மட்டும் அழுத்தாதீர்கள். அரை நாள் அப்படியே பாவித்துப் பாருங்கள். யூடியூபில் சத்தம் வருகிறதா, வைஃபை பிடிக்கிறதா, சூம் வகுப்பில் கமெரா தெரிகிறதா, வங்கித் தளம் திறக்கிறதா, பிரின்டர் அச்சிடுகிறதா. பென் டிரைவிலிருந்து ஓடுவதால் மந்தமாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

அக்கா மகன் சொல்லாமல் விட்டது ஒன்று. வீட்டில் யாராவது வின்டோஸுக்கென்றே செய்யப்பட்ட கணக்கு மென்பொருளிலோ வரைபட மென்பொருளிலோ வேலை செய்தால் லினக்ஸ் சரிவராது. வேர்ட் கோப்புகளை லினக்ஸில் உள்ள லிப்ரே ஒஃபிஸ் என்ற இலவச மென்பொருள் திறக்கும். ஆனால் அட்டவணை நிறைந்த கடிதங்களில் வரிகள் இடம் மாறலாம். இன்னொன்று, இரவு ஒன்பது மணிக்குச் சத்தம் வரவில்லை என்று தொலைபேசி எடுத்தால் அவன் வருவானா என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாவித்த லப்டொப் ஒன்றை மூன்று மாத வாரன்டியோடு வாங்கினேன். வின்டோஸை எடுத்துவிட்டு மின்ட் போட்டேன். வைஃபையே காட்டவில்லை. கடைக்குக் கொண்டுபோனால், லினக்ஸ் போட்டதால் வாரன்டி போய்விட்டது என்கிறார்கள். நியாயமா?
- தெஹிவளை வாசகர்

பதில்: கோபத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பழுது யாருடையது என்று முதலில் பிரித்துப் பார்ப்போம். வாக்குவாதத்தில் வெல்ல அதுதான் வழி.

மின்ட் மெனுவில் 'சிஸ்டம் ரிப்போர்ட்ஸ்' (புதிய பதிப்பில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்') திறந்து, சிஸ்டம் தகவல் பகுதியில் நெட்வேர்க் என்ற இடத்தைப் பாருங்கள். வைஃபை அட்டையின் பெயர் அங்கே இருந்து, டிரைவர் என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தால் அட்டை நன்றாக இருக்கிறது, அதை இயக்கும் டிரைவர்தான் இல்லை. அப்படியானால் கடைக்காரர் பக்கம் குற்றமில்லை. புரோட்கொம் நிறுவன அட்டைகளில் இது அடிக்கடி நடக்கும். டிரைவரை இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு டிரைவர் வேண்டும் என்ற சிக்கலை அன்ட்ரொய்ட் தொலைபேசி தீர்க்கும்: யூஎஸ்பி கேபிளால் இணைத்து, தொலைபேசியில் யூஎஸ்பி டெதரிங் என்பதை இயக்குங்கள். பெரும்பாலான தொலைபேசிகள் வீட்டு வைஃபையையே கணினிக்குக் கடத்திவிடும், டேட்டா செலவாகாது. பிறகு 'டிரைவர் மேனேஜர்' திறந்தால் அதுவே பரிந்துரைக்கும்.

பலர் தடுக்கி விழும் இடம் இதற்கு அடுத்தது. கணினி எழும்பும்போது அங்கீகாரமில்லாத மென்பொருளைத் தடுக்கும் செக்கியூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தால், டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லை உருவாக்கச் சொல்லும். மீண்டும் எழும்பும்போது ஒரு நீலத் திரை வரும். பத்து வினாடிக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தி, 'என்ரோல்' என்பதைத் தெரிவு செய்து, அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். நீலத் திரையைக் கண்டு பயந்து விட்டுவிட்டால் டிரைவர் இருந்தும் இயங்காது. அது பிழைத் திரை அல்ல.

அட்டையின் பெயரே பட்டியலில் இல்லையென்றால் கதை வேறு. விமான முறைக்கான விசை அழுத்தப்பட்டிருக்கிறதா, பயோஸில் (இயங்குதளத்துக்கு முன் எழும்பும் அடிப்படை அமைப்புத் திரையில்) வயர்லெஸ் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அங்கெல்லாம் சரி என்றால் அட்டை கழன்றிருக்கிறது அல்லது செத்துவிட்டது. செத்த அட்டையை வின்டோஸும் காணாது. 'உங்கள் கையாலேயே வின்டோஸ் போட்டுப் பாருங்கள்' என்று கடைக்காரரிடம் அமைதியாகச் சொல்லுங்கள். வேறு இயங்குதளம் போட்டால் வாரன்டி இல்லை என்று பில்லில் எழுதியிருக்கிறதா என்றும் கேளுங்கள். எழுதாத நிபந்தனையைப் பிறகு வாயால் சேர்ப்பதை ஏற்க வேண்டியதில்லை.

மசியாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழி கேளுங்கள். ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 'அடுத்த கிழமை வாருங்கள்' என்று கடைக்காரர் இழுப்பதில் அந்த மூன்று மாதம் கரைந்துவிடக் கூடாது.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. அந்த மின்ட் பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடை மேசையிலேயே லப்டொப்பை அதிலிருந்து எழுப்பச் சொல்லுங்கள். பயோஸில் கடவுச்சொல் பூட்டு இருந்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். வெளிநாட்டு நிறுவனங்கள் கழித்துவிட்டவற்றில் இது சகஜம், அதைத் தொடவே வேண்டாம். 'பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' என்பதில் பற்றரி புதிதாக இருந்தபோது கொண்ட அளவும், இப்போது நிறையும் அளவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 48 வாட்-மணி கொண்டது இப்போது 19 என்று காட்டினால் அது நாற்பது வீதப் பற்றரி. 'பற்றரி புத்தம் புதிது' என்ற பேச்சு அத்தோடு முடிந்துவிடும். 'டிஸ்க்ஸ்' என்பதில் ஸ்மார்ட் தகவலைத் திறந்தால் டிஸ்க் எத்தனை மணிநேரம் ஓடியிருக்கிறது, எத்தனை பகுதிகள் பழுதாகி மாற்றப்பட்டிருக்கின்றன என்பதும் வரும். வைஃபை, கமெரா, ஒலி, எல்லா விசைகளும் பத்து நிமிட வேலை. பென் டிரைவ் போட விடமாட்டோம் என்று ஒரு கடை சொன்னால் காலி வீதியில் வேறு கடை இல்லாமல் போகவில்லை. பில்லில் மாடலும் தொடர் இலக்கமும், பற்றரிக்கும் சார்ஜருக்கும் வாரன்டி உண்டா என்பதும் எழுதப்பட வேண்டும்.

கேள்வி: புறக்கோட்டை நடைபாதையில் 2 டிபி பென் டிரைவ் மலிவாகக் கிடைத்தது. படங்களை எல்லாம் ஏற்றினேன். இப்போது பாதிப் படங்கள் திறக்கவில்லை. மீட்க முடியுமா?
- மருதானை வாசகர்

பதில்: திறக்காதவற்றை மீட்க முடியாது, அவை எழுதப்படவே இல்லை அல்லது அவற்றின் மேல் வேறொன்று எழுதப்பட்டுவிட்டது. உள்ளே இருப்பது சிறிய நினைவகம். தன்னை 2 டிபி என்று பொய் சொல்ல அதன் கட்டுப்பாட்டுச் சில்லைப் பழக்கியிருக்கிறார்கள். இடம் தீர்ந்ததும் பிந்தியவை முந்தியவற்றின் மேல் விழும் அல்லது காற்றில் போகும். திறக்கின்ற படங்களை உடனே வேறிடத்துக்கு மாற்றுங்கள். இனி எது வாங்கினாலும் காலியாக இருக்கும்போதே லினக்ஸில் எஃப்3 என்ற சிறிய மென்பொருளால் முழுவதையும் நிரப்பிச் சோதியுங்கள். படங்கள் தொலைபேசியில் இன்னும் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

கேள்வி: தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். மின்டுக்கு மாறியபின் பழைய தமிழ்க் கடிதங்கள் எல்லாம் ஆங்கில எழுத்தாகத் தெரிகின்றன. 'தமிழ் சொப்டுவெயார்' போட ஒருவர் பெரிய தொகை கேட்கிறார்.
- கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள். உங்கள் கடிதங்களில் எதுவும் கெடவில்லை. அவை பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் போர்த்திய எழுத்துரு. புள்ளிக்கு அரைப்புள்ளியின் இடம். 'அம்மா' என்று அடித்த இடத்தில் மூன்றாவதாக ஓர் அரைப்புள்ளி நிற்பதைப் பார்த்தாலே விளங்கும். போர்வை போனதால் உள்ளே இருந்தது தெரிகிறது, அவ்வளவுதான்.

பழைய கணினியிலிருந்து பாமினி எழுத்துருக் கோப்பைக் கொண்டுவந்து, இருமுறை சொடுக்கி நிறுவுங்கள். லிப்ரே ஒஃபிஸை மூடித் திறந்தால் கடிதங்கள் பழையபடி வரும். அது இன்றைய தேவைக்கு. மின்னஞ்சலில் அனுப்புவதற்கும் தேடி எடுப்பதற்கும், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட்டுக்கு மாற்றத்தான் வேண்டும். மாற்றித் தரும் இலவசக் கருவிகள் பல உண்டு. ஒட்டுமொத்தமாகப் போட்டால் கடிதத்தின் நடுவில் இருக்கும் ஆங்கிலப் பெயர்களும் தமிழெழுத்தாகி உளறும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்ப்பு போன்றவற்றைக் கண்ணால் ஒப்பிடாமல் வெளியே விடாதீர்கள். அவற்றை யாரோ ஒருவருடைய இணையதளத்தில் ஒட்டி மாற்றுவதும் எனக்கு உவப்பில்லை. கணினியிலேயே நிறுவி இயங்கும் கருவிதான் நல்லது.

புதிதாகத் தட்டச்சு செய்ய, ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையோடு எம்17என் தொகுப்பையும் நிறுவினால் ரெங்கநாதன், தமிழ்99, ஒலிப்பு முறை என்ற விசைப்பலகை முறைகள் எல்லாம் வந்துவிடும். அனைத்தும் இலவசம். பாமினியில் பழகிய விரல்கள் சில கிழமைகள் முரண்டு பிடிக்கும்.

கேள்வி: லினக்ஸுக்கு எந்த பிரின்டர் வாங்கலாம்?
- கல்கிசை வாசகி

பதில்: பெட்டியில் ஏர்பிரின்ட் அல்லது மொப்ரியா என்ற அடையாளம் இருக்கும், வைஃபை உள்ள எதையும் வாங்கலாம். தொலைபேசியிலிருந்து டிரைவர் இல்லாமல் அச்சிடும் அதே முறையில் லினக்ஸும் அச்சிடும். யூஎஸ்பி மட்டும் உள்ள மலிவான லேசர்களில்தான் தொல்லை. சிலவற்றுக்குத் தனியாக இறக்க வேண்டிய துணைக்கோப்பு உண்டு, சிலவற்றுக்கு உள்ள டிரைவர் மிகப் பழையது. அலுவலகம் கழித்த லேசர் ஒன்று கைக்கு வந்தால், காசு கொடுக்கும் முன், லினக்ஸில் எந்த பிரின்டர் ஓடும் என்று பட்டியலிடும் ஓப்பன்பிரின்டிங் தளத்தில் மாடலைத் தேடுங்கள். மை நிரப்பும் வகையை வாங்கினால் கிழமைக்கு ஒரு பக்கமாவது அச்சிடுங்கள், இல்லையென்றால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: மின்சாரம் போய் வந்தால் கணினியின் திகதி பல வருடம் பின்னுக்குப் போய்விடுகிறது. வங்கித் தளமோ 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்கிறது. மதர்போர்ட் போய்விட்டது என்கிறார்கள். யூபிஎஸ்ஸும் இரண்டு நிமிடம் கூடத் தாங்குவதில்லை.
- பொரளை வாசகர்

பதில்: மதர்போர்டுக்கு முன் அதில் இருக்கும் சிஆர்2032 என்ற காசு வடிவப் பற்றரியை மாற்றுங்கள், கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு, உங்கள் கணினி 2015 என்று நினைத்தால் எந்தச் சான்றிதழையும் நம்பாது. பிளக்கைக் கழற்றிவிட்டு, கூட்டல் குறி மேலே பார்க்கும்படி போடுங்கள். மாற்றியபின் கணினி எழும்பாவிட்டால் பதறாதீர்கள், பற்றரியைக் கழற்றியதில் பயோஸ் அமைப்புகள் அழிந்திருக்கலாம்: டிஸ்க்கோடு பேசும் 'சாட்டா' முறை, முன்பு 'ஏஎச்சிஐ' என்று இருந்தது மாறியிருக்கிறதா எனப் பாருங்கள்.

யூபிஎஸ்ஸையும் எறிய வேண்டாம். 2022 மின்வெட்டுக் காலத்தில் வாங்கியதாக இருந்தால் உள்ளே இருக்கும் ஈய-அமிலப் பற்றரிக்கு ஆயுள் முடிந்திருக்கும். இரண்டு மூன்று வருடம்தான் அதன் கணக்கு. இப்போது மின்வெட்டு இல்லையே என்று சொல்லாதீர்கள், 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு முழு நாட்டையும் இருட்டாக்கியது. 650 விஏ யூபிஎஸ் பலவற்றில் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணிப் பற்றரி. உங்களுடையதைக் கழற்றி மேலே எழுதியிருப்பதைப் பார்த்து அதே அளவில் வாங்குங்கள். லேசர் பிரின்டரை அதில் மாட்டாதீர்கள், சூடேறும்போது அது இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யூபிஎஸ் தாங்காது. பழைய பற்றரியைக் குப்பையில் போடாமல் கடைக்கே எடுத்துப் போங்கள். ஈயத்துக்கு விலை உண்டு, புதியதன் விலையில் எவ்வளவு கழிப்பீர்கள் என்று கேளுங்கள்.