திரையில் இல்லாத மஞ்சள்

கேள்வி: கைப்பேசித் திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளை மட்டுமே உமிழ்கிறது என்றால், மஞ்சள் எப்படித் தெரிகிறது?

பதில்: அந்த மஞ்சள் நம் பார்வையில்தான் உருவாகிறது. சுமார் 580 நானோமீட்டர் அலைநீளமுள்ள தூய மஞ்சள் ஒளி, விழித்திரையில் நிறத்தை உணரும் மூவகைக் கூம்பு செல்களில் இரு வகைகளை முதன்மையாகத் தூண்டுகிறது. தக்க அளவில் கலந்த சிவப்பும் பச்சையும் அதே தூண்டலைத் தருவதால், தூய மஞ்சளையும் இக்கலவையையும் மூளையால் பிரித்தறிய இயலாது. வியக்கத்தக்க இந்த இயல்பை நம்பியே, படக்கோப்பு மஞ்சள் புள்ளியை, முறையே சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவைக் குறிக்கும் 255, 255, 0 என்ற மூன்று எண்களாகப் பதிந்துவைக்கிறது. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை மாறக்கூடியது என்பதால் 1,67,77,216 சேர்க்கைகள் கிடைக்கின்றன. மஞ்சள் படமொன்றை நல்ல உருப்பெருக்கியால் அவசியம் பாருங்கள்: சிவப்பும் பச்சையுமான நுண்புள்ளிகள் ஒளிர, நீலம் அணைந்திருக்கும்.