இங்கிலாந்துக் கிராமத்தின் வரலாற்றை ஏன் தேவாலயத்திலிருந்து தொடங்குகிறார்கள்?

பதிவேடுதான் காரணம். அங்கே பாரிஷ் என்பது, நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் சொல்லும் 'பங்கு' போன்றது. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு பங்கிலும் எழுதிவைக்க வேண்டும் என்று 1538-ல் உத்தரவு வந்தது. சாதாரண சனங்களின் பெயர் வேறெங்கே கிடைக்கும்?

டெர்பிஷயரில் உள்ள ஈம் கிராமத்தைப் பாருங்கள். (ஆங்கில எழுத்தைப் பார்த்து 'ஏயம்' என்று படித்துவிடாதீர்கள்.) 1665-ல் லண்டனிலிருந்து தையற்காரர் வீட்டுக்கு வந்த துணியோடு கொள்ளைநோயும் வந்தது என்பார்கள். செப்டம்பரில் முதல் சாவு. பாதிரியார் வில்லியம் மொம்பெசன் ஊருக்குப் புதியவர். சனங்களுக்கு அவர்மேல் பெரிய நம்பிக்கை இல்லை. அதனால், 1662-ல் பதவியிழந்த பழைய பாதிரியார் தாமஸ் ஸ்டான்லியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். அது கெட்டிக்காரத்தனம் என்பேன். 1666 ஜூனில் இருவருமாகப் பேசி, யாரும் எல்லை தாண்டுவதில்லை என்று ஊரைச் சம்மதிக்கவைத்தார்கள். வழிபாடும் திறந்தவெளிக்கு மாறியது.

எல்லைக்கல்லில் சிறு குழிகள் இன்னும் இருக்கின்றன. காசு வழியாக நோய் பரவாது என்று நம்பி, ஊர்க்காரர்கள் குழியில் வினிகர் ஊற்றி, அதில் காசைப் போட்டுவிட்டுப் போவார்கள். வெளியூர்க்காரர்கள் காசை எடுத்துக்கொண்டு சாமான் வைப்பார்கள்.

அந்த ஆகஸ்டில் எலிசபெத் ஹான்காக் என்ற பெண் எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தார். மொம்பெசனின் மனைவி கேத்தரினும் அதே மாதம் போய்ச்சேர்ந்தார். மொத்தம் சுமார் 260 பேர். இப்போதும் ஆகஸ்டு கடைசி ஞாயிறன்று அவர்களுக்காக அங்கே வழிபாடு நடக்கிறது.