டி.வி. பையன் இயக்குநரான கதை

கேள்வி: டி.வி. தொடர்களில் நடித்த ரான் ஹோவார்டுக்கு ஹாலிவுட்டில் படம் இயக்கும் வாய்ப்பு எப்படிக் கிடைத்தது? அவர் இயக்கிய விண்வெளிப் படம் ‘அப்பல்லோ 13’-ல் நடிகர்கள் மிதப்பது கிராஃபிக்ஸா?

பதில்: பேரம் பேசித்தான்! 1960-ல் ‘தி ஆண்டி கிரிஃபித் ஷோ’வில் குழந்தை நட்சத்திரம், 1974 முதல் ‘ஹேப்பி டேஸ்’ நாயகன். குறைந்த செலவில் படமெடுத்த ரோஜர் கார்மனின் ஒரு படத்தில் 1976-ல் நடித்துக்கொடுத்து, பதிலுக்கு இயக்கும் வாய்ப்பைக் கேட்டு வாங்கினார். அடுத்த வருடமே, 23 வயதில், ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ வெளியானது. நடிகரின் புகழை முதலீடாக்கிய சாமர்த்தியம் அது.

மிதப்பது பெரும்பாலும் நிஜம். நாசாவின் கேசி-135 விமானத்துக்குள்ளேயே செட் போட்டார்கள். விமானம் சுமார் 45 டிகிரி கோணத்தில் ஏறி, வில்போல் வளைந்து இறங்கும்போது சுமார் 25 விநாடி எடையே இருக்காது. அதற்குள் ஷாட் முடிய வேண்டும். முடியாவிட்டால், மிதந்தவர் தரையில் விழுவார். விமானம் நிமிரும்போது உடம்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு கனக்கும், குமட்டும். இப்படி 600 முறைக்கு மேல்! இத்தனைக்கும் இயக்குநர் பிரிவில் ஆஸ்கர் பரிந்துரைகூட வரவில்லை, அநியாயம். விருது ‘எ பியூட்டிஃபுல் மைண்ட்’ (2001) படத்துக்குத்தான் கிடைத்தது.