தாத்தாவின் கதைகளுக்குப் புதுப்பிப்புக் கட்டணமா?

மும்பை மாட்டுங்காவிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என் தாத்தா 1950களில் இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வெளியிட்டு, 1971இல் காலமானார். அச்சாகி அறுபது ஆண்டு கடந்துவிட்டதால் பதிப்புரிமை காலாவதியாகிவிட்டது, பதினெட்டாயிரம் ரூபாய் கட்டினால் புதுப்பித்துத் தருகிறேன் என்கிறார் ஒரு முகவர். கட்டலாமா?"

ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். கதை, கவிதை, கட்டுரைக்கு அறுபது ஆண்டு எண்ணுவது அச்சான நாளிலிருந்து அல்ல. எழுதியவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1இலிருந்து. உங்கள் தாத்தாவுக்கு 1972 ஜனவரி 1இல் கணக்கு தொடங்குகிறது. அவர் உரிமையை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை என்றால், 2031 டிசம்பர் 31 வரை அது வாரிசுகளுடையது. பதிப்புரிமையைப் புதுப்பிப்பது என்ற ஒன்று நம் சட்டத்திலேயே கிடையாது. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது வணிகச் சின்னத்தை. இரண்டையும் குழப்பித்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். அந்த முகவர் தந்த தாளின் நகலை அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன்: அரசு முத்திரை போலத் தோன்றும் ஒரு வட்டம், அடியில் சிவப்பு மையில் 'கடைசி நாள்'. எத்தனை குடும்பங்கள் அந்தச் சிவப்பு மைக்குப் பயந்து பணம் கட்டியிருக்கும்!

பதிவும் கட்டாயமில்லை, எழுதிய கணமே உரிமை பிறந்துவிடுகிறது. விரும்பினால் டெல்லி பதிப்புரிமை அலுவலகத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான். இந்த இரண்டு வரியைத் தமிழிலும் மராத்தியிலும் அச்சிட்டு நூலகச் சுவர்களில் ஒட்ட இத்தனை ஆண்டுகளில் யாருக்கும் மனம் வரவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

பெட்டியில் அவருடைய கையெழுத்து நோட்டுகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் கவனம் வேண்டும். அவர் உயிரோடிருந்தபோது வெளிவராத கதைக்குக் கணக்கே வேறு. அது முதன்முதலில் வெளியாகும் ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து அறுபது ஆண்டு. 1974இல் ஒரு சங்க மலரில் உங்கள் பாட்டி அச்சிடக் கொடுத்த கதைக்கு 2034 இறுதிவரை உரிமை உண்டு. நோட்டிலிருந்து ஒரு கதை 2026இல் முதன்முதலாக வெளிவந்தால் 2086 இறுதிவரை. ஆனால் 1964இல் ஒரு தீபாவளி மலரில் வந்திருந்தால் அதுவும் வெளியீடுதான். புத்தகமாகவில்லை என்பதால் அது புதுக்கதை ஆகிவிடாது. ஆகவே ஒவ்வொரு கதைக்கும் நேராக, முதலில் எங்கே, எந்த ஆண்டு வந்தது என்று குறித்து வையுங்கள்.

'முழு உரிமை' என்று மட்டும் எழுதிய ஒற்றைத்தாளில் கையெழுத்திடாதீர்கள். காலம் குறிப்பிடாத உரிமை மாற்றத்துக்குச் சட்டம் ஐந்து ஆண்டுதான் தருகிறது. ஆனால் அதை நிலைநாட்ட நீங்கள்தான் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும். நோட்டுகளில் எதையாவது அந்த முகவரிடம் ஏற்கெனவே கொடுத்திருந்தால், முதல் வேலையாக அதைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.