பழைய மடிக்கணினிக்குப் புது விண்டோஸ் போடலாமா?

கேள்வி: வீட்டிலிருந்தபடியே தமிழ்த் தட்டச்சு வேலை செய்துவருகிறேன். என் மடிக்கணினி 2014-இல் வாங்கியது. 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10 உள்ளன. ஆன் செய்துவிட்டுக் காபி போட்டுக் குடித்து முடித்தாலும் திரை முழுதாக வந்திருக்காது. ரிச்சி தெருவில் ஒரு கடையில், ஃபார்மட் செய்து விண்டோஸ் 11 போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். என் கோப்புகள் பெரும்பாலும் வானவில் எழுத்துருவில் உள்ளன. ஒப்புக்கொள்ளலாமா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: வேண்டாம். விண்டோஸ் 11 இன்டெல் சிப்களில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்தே அதிகாரபூர்வமாக ஏற்கிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் கேட்கிறது. 2014-ஆம் ஆண்டுக் கணினியில் இச்சோதனைகளைத் தாண்டி நிறுவ வழியுண்டு என்றாலும், அப்படி நிறுவியதற்கு அப்டேட்கள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை.

முதலில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் என்ற பத்தியைப் பாருங்கள். எந்த வேலையும் செய்யாதபோதும் அங்கே 100 சதவீதம் நின்றுகொண்டிருந்தால், தாமதத்துக்குக் காரணம் சுழலும் தட்டுள்ள அந்த ஹார்ட் டிஸ்க்தான். அதிலேயே எத்தனை முறை விண்டோஸை மறுபடி போட்டாலும் சில வாரங்களில் பழைய கதைதான். அதற்குப் பதிலாக 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாத, வேகமான சேமிப்பகம்) ஒன்றை வாங்கி அதே இடத்தில் பொருத்தச் சொல்லுங்கள். எதையும் ஃபார்மட் செய்யத் தேவையில்லாதபடி, கழற்றிய டிஸ்கை யுஎஸ்பி உறையில் போட்டு வைத்துக்கொண்டால் உங்கள் கோப்புகள் அத்தனையும் அதில் அப்படியே இருக்கும். (அந்த டிஸ்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.)

உங்களுக்கு முக்கியமானது எழுத்துருதான். வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். ஆகவே சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸிலிருந்து அவற்றை முன்கூட்டியே பென் டிரைவில் எடுத்து வையுங்கள். வானவில் மென்பொருளின் இன்ஸ்டால் கோப்பையும் தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.

வாடிக்கையாளர்கள் இன்னும் வானவில்லே கேட்கிறார்கள் என்றால் எஸ்எஸ்டியில் விண்டோஸ் 10-ஐயே நிறுவலாம். அதன் உரிமம் மதர்போர்டோடு பதிவாகியிருப்பதால், நிறுவும்போது கீ கேட்கும் பக்கத்தைத் தவிர்த்துவிட்டு அதே பதிப்பைத் தேர்ந்தெடுத்தால், இணையத்தில் இணைந்ததும் ஆக்டிவேட் ஆகிவிடும். ஆனால் அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், வங்கி வேலைகளை அதில் வைத்துக்கொள்ளாதீர்கள். தனி எழுத்துரு இல்லாமலே எல்லாக் கணினியிலும் தமிழாகத் தெரியும் யூனிகோடில் கொடுத்தால் போதும் என்றால், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22-இன் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பையே பரிந்துரைப்பேன். 4 ஜிபி ரேமில் சிரமமின்றி ஓடும், 2029 வரை ஆதரவுண்டு, தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்பதால், வைஃபை, பிரிண்டர் இரண்டும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: எஸ்எஸ்டி வாங்காமல் இருக்கும் டிஸ்கிலேயே மறுபடி நிறுவினால், டி டிரைவில் உள்ளவையும் அழிந்துவிடுமா?
- வாசகர், குரோம்பேட்டை

பதில்: விண்டோஸ் நிறுவும்போது சி பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்தால் டி தப்பிக்கும், லினக்ஸில் ‘முழு டிஸ்கையும் அழி’ என்ற தேர்வைத் தொட்டால் தப்பிக்காது. டெஸ்க்டாப்பில் வைத்திருப்பவை சி டிரைவைச் சேர்ந்தவை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவற்றையும் வெளியே நகலெடுத்த பிறகே தொடங்குங்கள்.