நார்மண்டிக்குப் பெட்டி கட்டும் காரைக்குடித் தம்பிக்கு

தம்பி, அழகப்பா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. முடித்துவிட்டுக் பிரான்சின் காங் (Caen) நகரத்துக் கனில் (GANIL) அணுக்கரு ஆய்வுக்கூடத்துக்கு வரப்போகிறாய். வீடு, சாப்பாடு, குளிர், வேலை எல்லாம் எப்படி என்று கேட்டிருக்கிறாய். முதல் மூன்றும் வந்த பிறகு சரியாகிவிடும். குளிரைவிட மழைதான் அதிகம். புளி, பருப்புக்கு ரயிலில் இரண்டு மணி நேரத்தில் பாரிஸ். லா ஷப்பேல் கடைத்தெருவில் எல்லாம் கிடைக்கும். வேலையைப் பற்றித்தான் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

புரோட்டான் மிகுந்த கால்சியம்-36ஐப் பார்க்க, கால்சியம்-37 பீமை, அதாவது வேகமாகப் பாயும் அணுக்கருக் கற்றையை, ஹைட்ரஜன் மேல் விட வேண்டும். கால்சியம்-37இன் அரை ஆயுள் 181 மில்லிநொடி. அதைத் தகடாக்கி வைக்க முடியாது. அதனால் கனமானதையே பாயவிடுகிறோம். ஹைட்ரஜனின் புரோட்டான் ஒரு நியூட்ரானைப் பிடுங்கிக்கொண்டு டியூட்டரானாக வெளியே வரும்; மிஞ்சுவது கால்சியம்-36. அதன் ஆற்றலையும் கோணத்தையும் அளந்தால், கண்ணில் படாத அணுக்கரு எந்த நிலையில் இருந்தது என்று தெரியும். நம்ம ஊர் ஐந்தொகை மாதிரிதான்: வரவு பற்றில் ஒன்று பிசகினாலும் இருப்பு பொய்யாகும்.

பிசகுவது பெரும்பாலும் டார்கெட்டில், அதாவது பீம் மோதும் ஹைட்ரஜனில். திரவ ஹைட்ரஜன் 20 கெல்வினை ஒட்டிய குளிரில் மெல்லிய உலோகத் தாள்களுக்கு நடுவே இருக்கும். உள்ளழுத்தத்தில் தாள் புடைப்பதால் நடுவில் தடிமன் கூடும். வெற்றிடத்தில் மிஞ்சிய நீராவி அந்தத் தாள் மேல் நாளுக்கு நாள் பனியாகப் படியும். டியூட்டரான் இழக்கும் ஆற்றல் மாறும், ஆற்றல் வரைபடத்தில் பீக் (உச்சி) மெல்ல நகரும். ஒரே தடிமனை வைத்து முழு வாரத்தையும் கணக்குப் போடாதே. விடை தெரிந்த வினை ஒன்றின் பீக்கைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து, தடிமனைத் திருத்து.

அடுத்தது டியூட்டரானைப் பிடிக்கும் சிலிக்கான் டிடெக்டர். அது பட்டை பட்டையாகப் பிரிந்திருக்கும். புளுட்டோனியம், அமெரிசியம், கியூரியம் கலந்த ஆல்ஃபா மூலத்தின் 5157, 5486, 5805 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கோடுகளை வைத்து ஒவ்வொரு பட்டையையும் நீயே அளவிடு. மேலே உள்ள அலுமினியப் பூச்சில் ஆல்ஃபா சில பத்து கிலோ எலக்ட்ரான்வோல்ட்டை இழக்கும். சாய்ந்து நுழைந்தால் இன்னும் கூடும். இதை விட்டுவிட்டால் பட்டைக்குப் பட்டை கணக்கு மாறும். அடுத்தவர் தந்த பழைய அளவீட்டுக் கோப்பை நம்பவே நம்பாதே. நான் வந்த புதிதில் என் மாதங்களைத் தின்றது அதுதான்.

இந்த வகை அணுக்கருவுக்கே உரிய சிக்கல் இன்னொன்று உண்டு. கால்சியம்-36இல் புரோட்டானைக் கட்டிவைத்திருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 2.6 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட்தான். அதற்கு மேல் கிளர்ந்தால் புரோட்டானை உதறிவிட்டுப் பொட்டாசியம்-35 ஆகப் பறக்கலாம். பூஜ்யக் கோணத்தில், அதாவது பீம் போகும் நேர்த்திசையில், கால்சியத்தை மட்டும் வடிகட்டினால் அந்த நிலைகள் தொலைந்துபோகும். இரண்டையும் சேர்த்துப் பார்.

எந்தக் கோணத்தில் எத்தனை டியூட்டரான் வருகிறது என்ற கோணப் பரவலின் வடிவத்திலிருந்து எந்தச் சுற்றுப்பாதையிலிருந்து நியூட்ரான் வந்தது என்று சொல்லலாம். அளவில் மட்டும் நிதானம் வேண்டும். துகளுக்கும் அணுக்கருவுக்கும் இடையிலான விசையைக் குறிக்கும் ஆப்டிகல் பொட்டென்ஷியலை மாற்றினாலே எண் மாறும். இந்தக் கணக்கைப் போடும் ஃப்ரெஸ்கோ (FRESCO) கணினி நிரலை இங்கே வந்து பழகிக்கொள்ளலாம்.

பிரெஞ்சை மட்டும் அங்கேயே தொடங்கிவிடு. நம்மாட்கள் சிலர் மூன்று பேராக ஒரே வீட்டில் தமிழிலேயே காலம் தள்ளுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரவு ஷிஃப்டில் வெற்றிடப் பம்பு நின்றால், அதைச் சரிசெய்ய வருபவரிடம் பிரெஞ்சில்தான் விவரம் சொல்ல வேண்டியிருக்கும். எங்கள் ஐயா பர்மாவின் மோல்மீனில், வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக இருந்தவர். ஏடு பிடித்துக் கணக்கு எழுதும் முன்பே பர்மியம் பேசக் கற்றுக்கொண்டதாகச் சொல்வார். தொண்ணூறு வயதிலும் தேவகோட்டை முகப்பில் உட்கார்ந்து அந்த மொழியில் ஒன்று, இரண்டு எண்ணிக் காட்டுவார்.