அம்மாவ உக்கார வச்சது போதும், எந்திரிக்க விடுங்க

கேள்வி: எங்கம்மாவுக்கு 71 வயசு. மேலூர் பக்கம் கிராமத்துல இருந்தாங்க, அப்பா தவறுனதுக்கு அப்புறம் தனியா விட மனசு வரல, போன சித்திரையில வில்லாபுரத்துக்கே கூட்டிட்டு வந்துட்டோம். ஒரு சோலியும் செய்ய விடறதில்ல, சாப்பாட்டக்கூட தட்டுல போட்டு கையில குடுத்துருவோம். ஊர்ல கண்மாய்க்கரை வரைக்கும் போயி ஆடு மேய்ச்சவங்க, இப்ப சோபாவுல இருந்து எந்திரிக்கவே கைய ஊனுறாங்க. போன வாரம் ராத்திரி பாத்ரூம் போறப்ப விழுந்துட்டாங்க, நல்லவேளை எலும்பு முறியல. பிரஷர், சுகர் ரெண்டுக்கும் மாத்திரை போடுறாங்க. கால்ல பலம் வர என்ன டானிக் குடுக்கலாம்?
- வாசகி, வில்லாபுரம்

பதில்: டானிக் வேணாம் தங்கச்சி, அம்மாவுக்கு அவங்க சோலிய திருப்பிக் குடுங்க. ஊர்ல ஆடு பின்னாடி நடந்து, குடத்த தூக்கி, தரையில உக்காந்து உக்காந்து எந்திரிச்சதுதான் அவங்க கால்கள இத்தன வருஷம் தாங்கிட்டு இருந்துச்சு. நீங்க பாசத்துல தான் உக்கார வச்சீங்க, அதுல சந்தேகமே இல்ல, ஆனா வயசானவங்களுக்கு ஆடாம அசையாம இருந்தா தசை ரொம்ப வேகமா கரையும், திரும்ப ஏத்துறதுக்கு மாசக்கணக்கா ஆகும். ஏத்த முடியும், அதுல பயப்படாதீங்க.

நாளைக்கே ஒண்ணு செய்யுங்க. கை வச்ச நாற்காலி ஒண்ண செவுத்தோட ஒட்டிப் போட்டு அம்மாவ நுனிக்கு நகந்து உக்கார சொல்லுங்க, ரெண்டு பாதமும் தரையில நல்லா பதியணும், உடம்ப லேசா முன்னாடி சாய்ச்சு எந்திரிச்சு நிக்கணும், பெறகு தொப்புனு விழாம பைய உக்காரணும். அந்த பைய உக்காருறதுலதான் தொடைக்கு வேலையே இருக்கு. மொதல்ல கைய ஊனிக்கிட்டு அஞ்சு தடவ, காலையில ஒருக்கா சாயந்தரம் ஒருக்கா, நீங்க பக்கத்துல நில்லுங்க. பழகப் பழக பத்தாக்கி, கை ஊனாமலே எந்திரிக்க வைங்க. நெஞ்சு வலியோ மூச்சு வாங்குறதோ வந்தா நிறுத்திட்டு டாக்டர்ட்ட போயிரணும். 65 தாண்டுனவங்க வாரத்துக்கு 150 நிமிஷமாச்சும் நடக்கணும், அதோட வாரத்துல மூணு நாளாச்சும் கால் பலத்துக்கும் தடுமாறாம நிக்கிறதுக்கும் பயிற்சி வேணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. கொஞ்சம் தெம்பு வந்ததும் வெள்ளனா தெப்பக்குளத்துக்கு கூட்டிட்டுப் போங்க, அங்க சுத்தி வர்ற பாதி பேரு உங்கம்மா வயசுதான், நாலு பேரு பேச்சுத்துணைக்கும் கெடைப்பாங்க.

விழுந்ததுக்கு காரணம் கண்டுபிடிக்காம விட்றாதீங்க, ஒருக்கா விழுந்தவங்க மறுபடி விழ வாய்ப்பு அதிகம். படுக்கையில இருந்து எந்திரிச்சா கிறுகிறுன்னு வருதான்னு கேளுங்க. வீட்ல பிபி மெஷின் இருந்தா அஞ்சு நிமிஷம் படுக்க வச்சு ஒரு தடவ, எந்திரிச்சு நின்ன ஒரு நிமிஷத்துல ஒரு தடவ, மூணு நிமிஷத்துல ஒரு தடவ பாருங்க, நின்னதும் மேல் அளவு 20ஓ அதுக்கு மேலயோ எறங்குச்சுன்னா எழுதி எடுத்துட்டுப் போயி டாக்டர்ட்ட காட்டுங்க, மாத்திரைய நீங்களா நிறுத்தக் கூடாது. ராத்திரி சரியா சாப்பிடாம சுகர் மாத்திரை மட்டும் போட்டு சுகர் 70க்கு கீழ எறங்குனாலும் இப்படித் தள்ளாடும், வேர்க்கும், கை நடுங்கும்.

கண்ணையும் பாத்துருங்க. புரை இருந்தா மங்குன வெளிச்சத்துல வாசப்படி உயரமே தெரியாது. அதுக்கு மதுரைக்காரங்க வெளியூர் அலைய வேணாம், அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கு. அத ஆரம்பிச்ச டாக்டர் வெங்கடசாமி 58 வயசுல அரசாங்க வேலையில இருந்து ரிட்டயர் ஆகிட்டு 1976ல 11 படுக்கையோட தொடங்குனாரு, முடக்குவாதத்துல விரல் கோணிப்போன கைய வச்சே ஆபரேஷன் பண்ணவரு. அவர யாராச்சும் இனி நீங்க உக்காருங்கன்னு உக்கார வச்சிருந்தா எத்தன பேரு கண்ணு போயிருக்கும்!

பாத்ரூம்ல செவுத்துல கைப்பிடி போடுங்க, துண்டு போடுற கம்பி ஆள் வெயிட்ட தாங்காது. போற வழியில நைட் லாம்ப், வழுக்குற மிதியடி வேணாம், தரைய தாண்டி தொங்குற நைட்டிய ரெண்டு இஞ்ச் மடிச்சு தச்சுருங்க.

சாப்பாட்டுல ரெண்டு இட்லி, கஞ்சி, டீ பிஸ்கட்டுன்னு ஓட்டுனா தசைக்கு ஒண்ணும் போகாது. கிலோவுக்கு ஒரு கிராம் புரதம், 55 கிலோ இருந்தா 55 கிராம். ஒரு முட்டையில 6 கிராம்தான் இருக்கு, அதனால பயறு, சுண்டல், தயிர், மீனுன்னு மூணு வேளைக்கும் பிரிச்சு குடுங்க, சுகர் இருக்குறதால கிட்னி எப்படி இருக்குன்னு டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு. கீரை ஆய, பூ கட்ட, கடைக்குப் போக அவங்களையே விடுங்க. மாத்திரைக்கு வரிசையில நிக்க முடியலன்னா 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம்ங்கிற அரசாங்கத் திட்டத்துல வீட்டுக்கே வந்து தருவாங்க, பிசியோதெரபியும் உண்டு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரக் குடுங்க.

கேள்வி: வயசு 74. வீட்ட மகனுக்கு தானமா எழுதிக் குடுத்தேன், இப்ப சோறு மருந்துக்கே அவங்க மொகத்த பாக்க வேண்டியிருக்கு. என்ன வழி?
- வாசகர், உசிலம்பட்டி

பதில்: ஐயா, மனசு விட்றாதீங்க. 2007ல வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு சட்டப்படி கோட்டாட்சியர்கிட்ட மனு குடுக்கலாம், மாசம் 10,000 ரூபா வரைக்கும் பராமரிப்புத் தொகை போட உத்தரவு போடுவாங்க. உங்களப் பாத்துக்கணும்ங்கிற நிபந்தனையோட எழுதிக் குடுத்திருந்து அவங்க பாக்கலன்னா பத்திரத்தையே ரத்து பண்ண 23வது பிரிவுல வழி இருக்கு, அதனால தானப் பத்திரத்துல அந்த வரி இருக்கான்னு மொதல்ல படிச்சுப் பாருங்க. எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலன்னா 14567க்கு போன் பண்ணுங்க, முதியோருக்குன்னே இருக்குற இலவச நம்பர். போறப்ப பத்திர நகல், ஆதார், மருந்துச் சீட்டு எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க.